ஏலம் கேட்பவன் எதை ஏலம் விடுகிறான்?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஊழியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே!

சென்ற வாரக் கூட்டம் முடிந்து கலையும் சமயத்தில் நான்கு தோழர்கள் நம்மிடம் வந்து ஒரு விஷயம் சொன்னார்கள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்கள் ஏலத்திற்கு வரப்போகின்றன. எத்தனை காலத்திற்குத்தான் காண்ட்ராக்டரிடம் கூலிக்கு மரம் வெட்டுவது? நாமே பணம் புரட்டி ஏலம் எடுத்துவிட்டால் நமக்கு நாமே முதலாளி ஆகிவிடலாமே! இதுதான் அவர்கள் யோசனை. நால்வரில் இருவர் தனித்தனியாகவே கேட்கப் போவதாகவும் சொன்னார்கள். அதில் ஒருவர் சம்சாரத்தின் தோட்டை அடகு வைக்கவும் தயார் என்றார்.

அவர்களை நாம் கேலி செய்யவில்லை. காண்ட்ராக்டர் கையில் நீங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். லோடு ஏறிப் போன பிறகு "எடை குறைந்துவிட்டது" என்று கூலியைப் பிடிப்பதும், கால் நசுங்கியவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு லாரி பறந்துபோவதும் நாம் பார்த்ததுதான். ஆனால் தோட்டைக் கழற்றுவதற்கு முன்னால், இந்த யோசனையை நூறு வருஷமாக நடத்திப் பார்த்த ஒரு தேசத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. நாம் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள்; கிடைத்ததைத் தட்டுத் தடுமாறிப் படித்து அறிந்த மட்டில் சொல்லுகிறோம்.

அந்தத் தேசம் அமெரிக்கா. அங்கே காட்டில் மரம் வெட்டும் ஏராளமானோர் எந்தக் கம்பெனியின் மஸ்டர் ரோலிலும் இல்லை. அவர்கள் "சொந்தத் தொழில்" செய்கிறவர்கள். ரம்பம் சொந்தம், லாரி சொந்தம், மரத்தை இழுக்கும் யந்திரம் சொந்தம். அந்த யந்திரத்தின் மேல் நிற்கும் கடனும் சொந்தம்தான்! வேலையை மட்டும் அவர்கள் தேடிப் போக வேண்டும்.

எப்படித் தேடுகிறார்கள்? அமெரிக்கக் காடுகளில் பாதிக்கு மேல் தனியார் கையில் இருக்கின்றன. ஒரு காட்டில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். "யந்திரம் இங்கேயே நிற்கிறது, உங்கள் மரத்தையும் முடித்துவிடலாமே!" என்று கேட்க வேண்டும். நம் பக்கத்தில் அறுவடை மிஷின்காரர் வரப்பில் நின்று பக்கத்து வயல்காரரைக் கேட்பதில்லையா? அதேபோலத்தான். வேலையை ஒழுங்காகச் செய்து, பாதையைக் குழிபறிக்காமல் விட்டுவந்தால் அந்தப் பேச்சு ஊரில் பரவும். அடுத்த வேலை தானாக வரும். இதைக் குறைத்துச் சொல்லமாட்டோம். பெயர் கெட்டவனுக்கு அங்கேயும் வேலை இல்லை.

இரண்டாவது வழி, வனக் கணக்கர். காட்டுக்காரர் சார்பில் மரத்தை எண்ணி விலை மதித்துக் கொடுக்கும் தனியார் நிபுணர் இவர். இவரிடம் ஏலக்காரர் பட்டியல் ஒன்று இருக்கும். விற்பனை வரும்போது பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் கடிதம் போகும்; மூடி முத்திரையிட்ட டெண்டர் கவர் திரும்பி வரும். இவருக்குச் சம்பளம் பெரும்பாலும் விற்ற தொகையில் ஒரு பங்கு. விலை ஏற ஏற யாருக்குச் சந்தோஷம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

மூன்றாவது வழி, மில்லின் மரக் கொள்முதல் அதிகாரி. மில்லே மரத்தை வாங்கிப் போட்டுவிட்டு, "வெட்டிக் கொண்டுவந்து போட டன்னுக்கு என்ன கேட்கிறாய்?" என்று பத்துப் பேரைக் கேட்கும். இங்கே ஏலம் கீழ்நோக்கிப் போகும். யார் குறைத்துக் கேட்கிறானோ அவனுக்கு வேலை. வேலை கிடைத்த பிறகும் மில் நினைத்தால் "இந்த வாரம் இத்தனை லோடுதான்" என்று கேட்டைச் சாத்திவிடலாம்.

நான்காவது, சர்க்கார் காடு. மேற்குக் கரையில் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் இது பெரிது. விற்பனைக்கு முன்பே வன இலாகா பத்திரிகையில் விளம்பரம் செய்கிறது. இப்பொழுது இணையத்திலும் போடுகிறது. எந்த ஜாதி மரம் எவ்வளவு, எல்லை எது, பாதை யார் போடுவது, கழிவுக் கிளைகளை யார் அப்புறப்படுத்துவது, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், இதற்குக் கீழே கேட்கக் கூடாது என்ற விலை என்ன, எல்லாம் அதில் இருக்கும். ஏல டிபாசிட் கட்ட வேண்டும். எடுத்த பிறகு வேலையை முடிப்பதற்கு ஈடு காட்ட வேண்டும். சிறு தொழில்காரர்களுக்கென்று சில விற்பனைகளை ஒதுக்கியும் வைக்கிறார்கள். ஆனால் 500 பேர் வரை வேலை செய்யும் கம்பெனியும் அந்தக் கணக்கில் "சிறு தொழில்"தான்! அண்ணன் தம்பி இரண்டு பேராக வருகிறவனும் அவனும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

கணக்கு எப்படிப் போகிறது?

இப்பொழுதுதான் முக்கியமான இடத்திற்கு வருகிறோம். பொறுமையாகக் கேளுங்கள், நோட்டு வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே மரத்தை "போர்டு அடி" என்று அளக்கிறார்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குல கனம் கொண்ட பலகை ஒரு போர்டு அடி. நம் ஆசாரிமார் சொல்லும் கன அடி ஒன்றுக்கு 12 போர்டு அடி. ஏலத்திற்கு முன் கெட்டிக்காரனாக இருப்பவன் தானே காட்டுக்குள் இறங்கி நடக்கிறான். நாலரை அடி உயரத்தில் மரத்தின் குறுக்களவை எடுக்கிறான். உளுத்த மரம் எத்தனை, சரிவு எவ்வளவு, லாரி நிற்கும் இடம் எத்தனை தூரம் என்றெல்லாம் பார்க்கிறான். பிறகு மில் வாசலில் கிடைக்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறான்.

தொகைகளை நாம் உதாரணத்திற்காக வைத்துக்கொள்வோம். ஆயிரம் போர்டு அடிக்கு மில் கொடுப்பது 600 டாலர். லாரிக்கு 80 போகிறது. வெட்ட, இழுக்க, ஏற்ற, டீசல், யந்திரத் தவணை, உதவி ஆள் கூலி எல்லாம் சேர்ந்து 200. பாதை, கழிவு அகற்றல் 40. மிச்சம் 280. இதில் தன் குடும்பத்திற்கு 40 வேண்டும் என்று நினைக்கிறான். ஆகவே நிற்கும் மரத்திற்கு 240 கேட்கலாம். காட்டில் நாலு லட்சம் போர்டு அடி மரம் இருந்தால் அவனுக்கு 16,000 டாலர் நிற்கும்.

ஆனால் ஏலத்தில் அவன் மட்டுமா இருக்கிறான்? பக்கத்தில் நிற்பவனும் அவனைப் போலத் தவணை கட்ட வேண்டியவன். அவன் 255 என்கிறான். இவன் 260 என்கிறான். அவன் 270. இவன் 275! சுத்தியல் விழுகிறது. இவன் ஜெயித்துவிட்டான். குடும்பத்திற்கு ஆயிரத்துக்கு 5 டாலர் வீதம், நாலு லட்சத்திற்கும் சேர்த்து மொத்தம் 2,000 டாலர்!

டீசல்காரன் குறைத்தானா? இல்லை. வங்கிக்காரன் தவணையைக் குறைத்தானா? இல்லை. மில் விலையை ஏற்றிக் கொடுத்ததா? அதுவும் இல்லை. மேலே மில் வாசல் விலை ஒரு சுவர். கீழே நிற்கும் மரத்தின் விலை ஒரு சுவர். நடுவில் நெருங்கி நசுங்குவது ஒன்றே ஒன்று: அவனுடைய சொந்தக் கூலி. மரத்தை ஏலம் கேட்பதாக நினைத்துக்கொண்டு தன் கூலியைத் தானே ஏலம் விட்டிருக்கிறான். கூலியைக் குறைக்க அங்கே கங்காணி தேவைப்படவில்லை.

இது போகட்டும். மதிப்பீடு தவறிவிட்டால்? மொத்த விலைக்கு எடுத்த காட்டில், மதிப்பிட்ட அளவுக்கு மரம் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. 275 வீதம் நாலு லட்சத்திற்கு 1,10,000 டாலர் கட்டிவிட்டான். வெட்டிப் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு குறைந்து 3,60,000 அடிதான் தேறியது. மில்லிலிருந்து வருவது 2,16,000. செலவு 1,15,200. மரத்தின் விலை 1,10,000. நஷ்டம் 9,200 டாலர். இன்னொரு விஷயமும் உண்டு. பத்துப் பேர் மதிப்பிட்டால், மரம் அதிகமாக இருப்பதாக ஏமாந்தவன் எவனோ அவனே மேலே கேட்பான். அவனுக்கே ஏலம் போகும். கணக்குச் சரியாகப் போட்டவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான்!

அளவையிலும் சூது உண்டு. ஒரு மரத் துண்டில் எத்தனை போர்டு அடி பலகை கிடைக்கும் என்று சொல்ல அங்கே ஒரே வாய்பாடு கிடையாது. டாயில் வாய்பாடு, ஸ்கிரிப்னர் வாய்பாடு, இண்டர்நேஷனல் வாய்பாடு என்று பல. 16 அடி நீளமும் 12 அங்குலக் குறுக்களவும் கொண்ட துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டாயில் கணக்கில் அது 64 அடி. ஸ்கிரிப்னர் கணக்கில் 79. இண்டர்நேஷனல் கணக்கில் 95! மரம் ஒன்றே, டேப்பும் ஒன்றே. டாயில் வாய்பாட்டில் முதலிலேயே குறுக்களவில் 4 அங்குலத்தைக் கழித்துவிடுகிறார்கள். ஆகவே 4 அங்குலத் துண்டு பூஜ்யம். இருந்தும் இல்லாததற்குச் சமானம். அளவைக்கு மில்லில் சில்லறை மரம் கிடையாது, பலகை அறுக்கும்போது மட்டும் உண்டு. களத்தில் நெல் அளந்த பழைய மரக்காலை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இங்கே சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

"ஜிப்போ"வின் கதை

இந்த முறை வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1917-ல் அமெரிக்க வடமேற்குக் காடுகளில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. சங்கத்தின் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. எட்டு மணி நேர வேலை வேண்டும், மனிதன் படுக்கக் கூடிய படுக்கை வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். 1918 மார்ச்சில் எட்டு மணி நேரம் கிடைத்தது. நாள் கூலிக்காரர்கள் சேர்ந்து நின்றதால் கிடைத்தது. அதே காலத்தில், நாள் கூலியை விட்டு, அளவுக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசி இருட்டுகிற வரை வெட்டுபவனைச் சங்கத்தார் "ஜிப்போ" என்று ஏசினார்கள். சங்கத்தை உடைக்க வந்த உளி அவன் என்பது அவர்கள் கருத்து. வருஷங்கள் செல்லச் செல்ல வசைச் சொல் தொழிலின் பெயராகவே ஆகி, "நான் ஜிப்போ" என்று பெருமையோடு சொல்லுகிறவர்களும் வந்தார்கள். அந்தப் பெருமையை நாம் முழுக்கத் தள்ளிவிட முடியாது. யார் முகத்திலும் விழிக்காமல் விடியற்காலையில் தன் யந்திரத்தைத் தானே கிளப்புகிறவனுக்கு ஒரு மிடுக்கு இருக்கத்தான் செய்யும். நம் நான்கு தோழர்களும் ஆசைப்படுவது அந்த மிடுக்கைத்தானே!

மிடுக்கின் விலையைப் பாருங்கள். 2022-ல் அமெரிக்காவில் லட்சம் தொழிலாளருக்கு வேலையில் மாண்டவர்கள் சராசரி 3.7 பேர். மரம் வெட்டுவோரில் 100.7 பேர்! பல மாநிலங்களில் சொந்தத் தொழில்காரன் தனக்கு விபத்து நஷ்டஈட்டுக் காப்பு வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஏலத்தில் 275 கேட்டவன் முதலில் எந்தச் செலவைத் தள்ளிப் போடுவான் என்று நினைக்கிறீர்கள்? வடக்கே பனி உருகும் பருவத்தில் பாதை சேறாகி வேலை நிற்கும். மேற்கே கோடையில் காட்டுத் தீக்குப் பயந்து மதியம் ஒரு மணிக்கே ரம்பத்தை அணைக்கச் சொல்லும் நாட்கள் உண்டு. தவணைக்கு மட்டும் பருவம் இல்லை. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள்; மரம் வெட்டுகிறவனுக்கு ஊற்றுவது யார்?

பெரியவர்களுக்கு ஊற்றுகிறவர்கள் இருந்தார்கள். 1970-களின் கடைசியில் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி, வடமேற்கில் சர்க்கார் மரத்தை மில்காரர்கள் கண்மண் தெரியாமல் ஏலத்தில் ஏற்றி எடுத்தார்கள். 1981, 1982-ல் மந்தம் வந்தது. 1978-ல் வருஷத்திற்கு 20 லட்சம் வீடுகள் கட்டத் தொடங்கிய தேசம், 1982-ல் சுமார் பத்தரை லட்சத்திற்கு இறங்கியது. வெட்டினால் நஷ்டம், வெட்டாவிட்டால் ஒப்பந்த மீறல்! 1984-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டது. எடுத்த மரத்தில் ஒரு பகுதியை, ஒரு தொகை கட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றது. சர்க்காரோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அந்த வழி கிடைத்தது. அவர்களிடம் வெட்டுக் காண்ட்ராக்ட் எடுத்து, யந்திரக் கடனோடு நின்றவனின் பெயர் அந்தச் சட்டத்தில் இல்லை.

சரி, இவர்கள் சங்கம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் சட்டத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. 1947-ல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், சுயேச்சைக் காண்ட்ராக்டர்களைத் தொழிலாளர் என்ற கணக்கிலிருந்தே தள்ளிவிட்டது. ஆகவே சங்க உரிமை இல்லை. வியாபாரிகளாக ஒன்றுகூடி "இந்த விலைக்குக் குறைந்து வெட்டமாட்டோம்" என்று சொன்னாலோ, 1890-ன் ஷெர்மன் சட்டப்படி விலை பேசிக்கொண்ட சதி என்று வழக்கு வரலாம்! தொழிலாளி என்றால் "நீ முதலாளி" என்பார்கள். முதலாளி என்று நின்றால் "நீ சதிகாரன்" என்பார்கள்.

அப்படியும் சும்மா இருந்தார்களா? இல்லை. 1971-ல் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற ஊரின் பெரிய பலகை ஆலை, அதுவரை அடுக்கி அளந்து வாங்கிய கூழ்மரத்தை எடை போட்டு வாங்க ஆரம்பித்தது. வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது என்று வெட்டுவோர் கொதித்தார்கள். லாரியும் ரம்பமும் வியாபாரியிடம் கடனுக்கு வாங்கி, லோடுக்கு லோடு பிடித்தம் கொடுத்து வந்தவர்கள் அவர்கள். கூ கிளக்ஸ் கிளான் கும்பலின் கோட்டை என்று பெயர் பெற்ற அந்த ஊரில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கத்தில் சேர்ந்து ரம்பத்தைக் கீழே வைத்தார்கள். நிறம் பார்த்துத் தண்ணீர் குடித்த ஊர் அது, தோழர்களே! சேரியையும் ஊரையும் சேர்த்து ஒரு கூட்டம் போட நாம் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள்.

வடகிழக்கே மெய்ன் மாநிலத்தில் 2004 ஜனவரியில் மரம் வெட்டுவோரும் லாரிக்காரர்களும் வேலையை நிறுத்தினார்கள். பத்து லட்சக்கணக்கான ஏக்கர் காட்டை வைத்திருந்த ஒரே பெரிய கம்பெனி சொல்வதே கூலி என்ற நிலை அங்கே. அந்த வருஷமே மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. ஒரு பிரதேசத்தில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் காடு வைத்திருப்பவரோடு, சொந்தத் தொழில்காரர்கள் கூட்டாகக் கூலி பேசலாம் என்றது. 2019-ல் அந்த உரிமையை விரித்தார்கள். அப்பொழுது அந்த மாநில செனட்டின் தலைவராக இருந்த டிராய் ஜாக்சன் பரம்பரையாக மரம் வெட்டும் குடும்பத்தவர். 1998-ல் வேலைக்காகக் கனடா எல்லைப் பாதையை மறித்து நின்றவர். சட்டம் வந்ததும் சொர்க்கம் வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தனித்தனியாக யார் குறைத்துக் கேட்பது என்ற பேச்சை விட்டு, எல்லோருக்கும் என்ன கூலி என்ற பேச்சுக்கு வந்தார்கள் அல்லவா, அதைக் கவனியுங்கள்.

நம் தேசத்திலும் வழி தெரியாமல் இல்லை. 1946-ல் பம்பாய்க்குப் பக்கத்தில் தானா ஜில்லாவின் வார்லி ஆதிவாசிகள், கோதாவரி பருலேகர் முதலிய தோழர்களின் தலைமையில், மரக் காண்ட்ராக்டர்களுக்கு எதிராக வேலையை நிறுத்திக் கூலியை உயர்த்தினார்கள். அடுத்த வருஷமே பம்பாய் மாகாணத்தில் வனத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆரம்பமாயின. காண்ட்ராக்டர் இல்லாமல் கூப்பை வெட்டுவோர் சங்கத்திடமே கொடுக்கும் ஏற்பாடு அது. எல்லாம் ஒழுங்காக நடந்ததாகச் சொல்ல முடியாது. சில இடங்களில் சங்கத்திற்குள்ளேயே பழைய காண்ட்ராக்டர் வேறு சட்டை போட்டுக்கொண்டு நுழைந்தார். அது வேறு கதை.

இனி நம் ஏரிக்கு வருவோம். தனித்தனியாகக் கேட்கப் போகும் இரண்டு தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நீங்கள் காண்ட்ராக்டரோடு போட்டி போடப் போவதில்லை, அவரால் ஒரு ஏலத்தில் நஷ்டப்பட்டு மூன்று ஏலத்தில் எடுத்துவிட முடியும். நீங்கள் இருவரும் ஒருவர் கூலியை ஒருவர் கடிக்கப் போகிறீர்கள். ஏலம் கேட்பதென்றால் வெட்டும் ஆட்கள் அத்தனை பேரும் சேர்ந்து சங்கத்தின் பெயரில் ஒரே கேள்வி கேட்போம். கேட்பதற்கு முன் நோட்டின் முதல் வரியில் கூலியை எழுதுவோம். ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கும் அதே அளவு, காயம்பட்டால் செலவுக்கு இவ்வளவு. லாரி வாடகையும் மற்றச் செலவும் அதற்குக் கீழே வரட்டும். இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் மரத்திற்கு நாம் கொடுக்கக் கூடிய விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவோம். அப்பொழுது காண்ட்ராக்டர் எடுப்பார்; எடுத்துக்கொள்ளட்டும். வெட்டுவதற்கு அவர் நம்மிடம்தான் வர வேண்டும், நோட்டின் முதல் வரியும் நம்மிடம் இருக்கும்.

தோடு காதிலேயே இருக்கட்டும்.

ஏரியில் எத்தனை மரம் நிற்கிறது என்று இங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் எண்ணூறு என்கிறார், ஒருவர் ஆயிரத்து இருநூறு என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மதகடியில் கூடுவோம். சணல் கயிறும் சுண்ணாம்பும் சங்கத்திலிருந்து வரும். நெஞ்சு மட்டத்தில் சுற்றளவு எடுக்க நான்கு பேர், எழுத இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் இப்பொழுதே கொடுக்கலாம்.